மறுமொழி: கம்ப்ரஸர் ‘சர்ஜ்’ – எதுக்களிப்பு எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கம்ப்ரஸரில் வரும் ‘சர்ஜ்’ என்ற கோளாறுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சைத் தொடர்கிறேன்.

> ‘எழுச்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. மின்னெழுச்சி என்கிறோம். அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, மின்சாரத்துக்கு அந்தச் சொல் சரி. அங்கே மின்னழுத்தம் சட்டென்று ஏறுகிறது. தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரங்களான பெரிய சில்லர்களில் நடப்பது வேறு. முன்னால் போன வாயு வந்த வழியே திரும்புகிறது. அதை எழுச்சி என்று எழுதினால், படிக்கும் ஆபரேட்டர் ஏதோ அளவு கூடியதாக நினைத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிஸ்டன் வகைக் கம்ப்ரஸரில் வால்வு இருக்கிறது. அழுத்திய வாயு எளிதில் திரும்பாது. 1922இல் வில்லிஸ் கேரியர் அறிமுகப்படுத்திய மையவிலக்கு வகையில் அப்படி ஒரு வால்வு இல்லை. சுழலும் சக்கரம் வாயுவை நடுவில் வாங்கி விளிம்புக்கு வீசுகிறது. அந்த வேகமே அழுத்தமாக மாறுகிறது. ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு நிரப்பிய இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 7 டிகிரிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும்போது அது வெப்பத்தை வாங்கி ஆவியாகும் ஆவியாக்கியில் ஏறத்தாழ 3.5 பார், வெப்பத்தை விட்டுத் திரவமாகும் கண்டென்சரில் ஏறத்தாழ 9.5 பார் இருக்கும் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த கணக்கு). இந்த அழுத்த மேட்டின் மேல் வாயுவை ஏற்றி வைத்திருப்பது சக்கரத்தின் வேகம் ஒன்றுதான். மேடு இன்னும் உயர்ந்தாலோ, லோடு (குளிர்விக்க வேண்டிய அளவு) குறைந்து சக்கரத்துக்கு வரும் வாயு மெலிந்தாலோ, தள்ளும் வலு போதாமல் போகிறது. கண்டென்சர் வாயு சக்கரத்தின் ஊடாகவே பின்வாங்குகிறது. அங்கே அழுத்தம் தணிந்ததும் சக்கரம் மறுபடி தள்ளுகிறது; மறுபடி திரும்புகிறது.

பக்கத்தில் நின்றால் இது நன்றாகத் தெரியும். சீரான இரைச்சல் அறுபட்டு, ‘ஹூம்... ஹூம்...’ என்று விட்டுவிட்டு ஒரு முழக்கம். ஆம்பியர் முள் ஏறி இறங்கும். டிஸ்சார்ஜ் குழாய் வழக்கத்தைவிடச் சுடும். ஒவ்வொரு திரும்பலிலும் தண்டு முன்னும் பின்னுமாக இடிபட, அந்த அடியைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங். நாள்கணக்கில் இதை விட்டுவைத்தால் பேரிங் தேய்ந்து, சக்கரம் உறையில் உரசும். அதற்குப் பிறகு பழுதுபார்ப்பதற்கு அதிகம் மிஞ்சாது.

> ‘அலைவு’, ‘திமிறல்’ இரண்டில் ஒன்றைப் பரிசீலிக்கலாமே?

அலைவு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இயந்திர அறையில் அதிர்வு என்ற சொல் வேறொரு பழுதுக்கு வழங்குகிறது. பதிவேட்டில் கையால் எழுதும்போது இரண்டும் குழம்பும். திமிறல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அந்த ஓசையும் முரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் எந்தத் திசையில் என்பதை அது சொல்லவில்லை.

ஆகவே ‘எதுக்களிப்பு’ என்று முன்வைக்கிறேன். குழந்தை பால் எதுக்களித்தது என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை: உள்ளே போனது, தங்காமல், போன வழியே மேலேறிவிட்டது. கம்ப்ரஸரில் நடப்பது அச்சு அசலாக அதுதான். வினையாகவும் வளைகிறது: ‘இரண்டாம் எண் கம்ப்ரஸர் இரவு எதுக்களித்தது’ என்று ஷிஃப்ட் பதிவேட்டில் எழுதலாம்.

> வயிற்று உபாதைக்கான சொல்லைப் பொறியியல் நூலில் எப்படி அம்மா எழுதுவது?

ஊசிக்குக் காதும் குடத்துக்கு வாயும் கட்டிலுக்குக் காலும் வைத்த மொழி நம்முடையது. பற்சக்கரத்தைப் பாடநூலில் கூச்சமின்றி எழுதுகிறோம். உடம்பிலிருந்து எடுத்த சொல்லுக்கு இன்னொரு வலுவும் உண்டு: எதுக்களித்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும். எனக்கு முக்கியமானது அந்தக் கேள்விதான்.

ஏனென்றால் காரணம் பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு வெளியே இருக்கிறது. கண்டென்சர் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவரின் மின்விசிறி நின்றிருக்கும். கண்டென்சர் பம்பின் வடிகட்டி அடைத்திருக்கும். ட்யூப்களின் உட்சுவரில் உப்புப் படிந்திருக்கும். கண்டென்சர் வாயுவின் செறிவு வெப்பநிலைக்கும் (அந்த அழுத்தத்தில் அது திரவமாகும் வெப்பநிலை) வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் குறித்து வந்தாலே இந்தக் கடைசிக் காரணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். துலக்கிய ட்யூப்பில் அது ஓரிரு டிகிரிதான். அதே லோடில் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனால் பிரஷ் போடும் நாள் வந்துவிட்டது. ஆர்-123 போன்ற தாழழுத்த வாயு உள்ள பழைய இயந்திரங்களில் ஆவியாக்கி வளிமண்டலத்துக்கும் கீழான அழுத்தத்தில் ஓடுவதால், சிறு கசிவு இருந்தாலும் காற்று உள்ளே புகும். அந்தக் காற்று குளிர்ந்து திரவமாகாது. கண்டென்சரில் தங்கி அழுத்தத்தை ஏற்றும். அந்தக் காற்றை வெளியேற்றும் பர்ஜ் கருவி வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சில்லர் அறைச் சுவரில் மாட்ட எழுதியிருக்கும் வாசகத்தைக் கீழே தருகிறேன். சொல் இங்கே நிற்கிறதா என்று பாருங்கள்.

“கம்ப்ரஸர் எதுக்களிக்கும் ஒலி கேட்டால்: கண்டென்சர் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளவும். டவர் மின்விசிறி, கண்டென்சர் பம்பு, தண்ணீர் ஓட்டம் சரியா எனப் பார்க்கவும். குறைந்த லோடில் இரண்டு இயந்திரங்கள் ஓடினால் பொறுப்பாளரிடம் சொல்லி ஒன்றை நிறுத்தவும். எதுக்களிப்பு நீடித்தால் இயந்திரத்தை முறைப்படி நிறுத்தவும். காரணம் தெரியாமல் ரீசெட் செய்து மீண்டும் மீண்டும் ஓட்டக் கூடாது. பாதுகாப்பு ஸ்விட்சுகளைத் துண்டித்து ஓட்டவே கூடாது.”

இந்தக் கடைசி வரியைச் சிவப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன். உற்பத்தி நிற்கிறது, வார்டு சூடாகிறது என்று மேலிருந்து நெருக்குவார்கள். அப்போது ஷிஃப்டில் தனியாக இருக்கும் ஆபரேட்டருக்குச் சுட்டிக்காட்ட எழுத்தில் ஒன்று வேண்டும்.

கிளைச் சொற்கள்: சர்ஜ் தடுப்பு ஏற்பாட்டுக்கு எதுக்களிப்புத் தடுப்பு. அழுத்த-ஓட்ட வரைபடத்தில் வரும் சர்ஜ் கோட்டுக்கு எதுக்களிப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கும் இயந்திரம் ஓடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளிக்கு ‘எதுக்களிப்பு விளிம்பு’ என்று முதலில் எழுதினேன். சக்கரத்தின் விளிம்போடு மோதுவதால் ‘எதுக்களிப்பு இடைவெளி’ என்று மாற்றியிருக்கிறேன். இதைவிடக் கச்சிதமான சொல் இருந்தால் எழுதுங்கள்; பலகை அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.