கிளவுட் தொலைபேசி எண்ணும், கல்லாவுக்கு அடியில் இருந்த கணினியும்

திருநெல்வேலி சந்திப்புக்கு அருகே மோட்டார் பம்பு விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்து வருகிறோம். கார், பிசானம் இரண்டு போகங்களிலும் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கமிருந்து அழைப்புகள் ஓயாமல் வரும். கடையில் இருந்த ஒரே கைபேசி எந்நேரமும் பேச்சிலேயே இருந்ததால், 'அண்ணாச்சி கடைக்குப் போன் போட்டால் கிடைக்காது' என்ற பெயர் வந்துவிட்டது. 2022இல் கிளவுட் டெலிபோனி எண் (வரும் அழைப்புகளை இணையத்தில் இருக்கும் சர்வர் ஏற்று, வேண்டிய கைபேசிக்குத் திருப்பிவிடும் எண்) ஒன்றை வாங்கியது அதனால்தான்.

முதலில் எல்லோரையும் போல ஐவிஆர், அதாவது பதிவுக் குரல் சொல்லும் பட்டியலைக் கேட்டு எண்ணை அழுத்தும் முறை, வைத்தோம்: புதிய மோட்டாருக்கு 1, பழுதுக்கு 2, உதிரிப் பாகத்துக்கு 3. ஒரு வாரம் கழித்து ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது மனம் கனத்துவிட்டது. வீரவநல்லூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவர், "எய்யா, மோட்டாரு ஓடலைன்னு சொல்லுதேன், நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கியே" என்று பதிவுக் குரலிடம் மூன்று முறை மன்றாடிவிட்டு வைத்திருந்தார். காதில் இருக்கும் போனை எடுத்து, எண்பலகையைத் தேடி அழுத்தி, மறுபடி காதுக்குக் கொண்டுபோவதற்குள் பட்டியலே முடிந்துவிடும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அன்று மாலையே அதை எடுத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக, அழைப்பை நிரல் வழியே கையாளும் வசதிக்கு மாறினோம். அழைப்பு வந்ததும் சேவை நிறுவனத்தின் சர்வர், அழைத்தவரின் எண்ணை வெப்ஹுக் (இணையம் வழியே உடனுக்குடன் தானாகப் போகும் தகவல்) வழியாக எங்கள் நிரலுக்கு அனுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்கும். நிரல் எங்கள் சர்வீஸ் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடி, கடைசியாக அவருடைய கிணற்றுக்குப் போய்வந்த மெக்கானிக்கின் கைபேசிக்கு இணைக்கச் சொல்லும். அவர் 20 விநாடிக்குள் எடுக்காவிட்டால் அழைப்பு கடைக்கு வரும். கிணற்றின் ஆழமும் மோட்டாரின் ஹெச்பியும் தெரிந்த ஆளே எடுத்துப் பேசுவதால், பாதிப் பழுது போனிலேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் ஏறி, எங்கள் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், சர்வர் வாடகையை மிச்சம் பிடிக்க நினைத்து, நிரலை மட்டும் கல்லாவுக்கு அடியில் இருந்த கணினியில் ஓடவிட்டிருந்தோம். மின்சாரம் போனதும், 'என்ன செய்யலாம்' என்ற சேவை நிறுவனத்தின் கேள்விக்குப் பதில் சொல்ல யாருமின்றி ஒவ்வோர் அழைப்பும் அறுந்துபோயிற்று. தவறு முழுவதும் எங்களுடையது. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி, நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நுழைந்து நிரலை விலக்கிவிட்டு, எண்ணை நேரே தன் கைபேசிக்குத் திருப்பினான். இங்கே சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அழைத்தவர்களின் விவரங்களை ஊர்வாரியாக ஒரு நோட்டில் குறித்துவைத்தான். தண்ணீர் வடிந்தபின் எந்த ஊரில் எத்தனை மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும் என்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது நிரல் வாடகை சர்வரில் ஓடுகிறது; அது பதில் தராவிட்டால் போக வேண்டிய மாற்று எண்ணையும் கொடுத்திருக்கிறோம். இத்தகைய எண் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து ஒருமுறை நிரலை நிறுத்திவிட்டு உங்கள் எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பாருங்கள்.

*

அண்ணாச்சிக்கு வணக்கம். தென்காசியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். எனக்குப் பாடம், முடிவை எப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அனுப்பும் குறுஞ்செய்தியில் கிடைத்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து என்றால் தமிழில் 70தான். புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் உங்கள் 'மோட்டார்' என்ற ஒரு சொல்லுக்கே 8 போய்விடும். செலவு கூடினாலும் தமிழிலேயே அனுப்புகிறேன். வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிய வேண்டிய டிஎல்டி தளத்தில் நான் பதிந்திருந்த வாசகத்தில் 'காலை' என்பதை 'மாலை' என்று மாற்றி அனுப்பிய அன்று ஒரு செய்தியும் போய்ச் சேரவில்லை. கடையத்திலிருந்து ஓர் அம்மா காலையிலேயே பஸ் ஏறி வந்து, முடிவுக்காக மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே, நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி புதிய வாசகத்துக்கு விண்ணப்பித்தேன்.