புதுப்பிப்பு: ஸ்டேஷன் பெயர்களை அடுக்காத சி புரோகிராம்

தாம்பரம், கிண்டி, எழும்பூர் என்று ஆங்கிலத்தில் கொடுத்த பெயர்களை பபிள் சார்ட் (அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு இடம் மாற்றி அடுக்கும் முறை) மாற்றாமல் அப்படியே திருப்பித் தருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் இதுதான்: இஃப் நிபந்தனையில் போட்ட '>' குறி பெயர்கள் இருக்கும் நினைவக முகவரிகளைத்தான் ஒப்பிடும், எழுத்துகளை அல்ல. வரிசைக்கு ஒரு பெயராக வைக்கும் இருபரிமாண அரேயில் முந்தைய வரிசையின் முகவரி எப்போதும் சிறியது. அதனால் இஃப் ஒருமுறைகூட உண்மையாகாது. எழுத்துகளையே ஒப்பிடும் ஸ்ட்ரிங் கம்பேர் ஃபங்ஷன் 0-ஐவிடப் பெரிய மதிப்பு தந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள். இடம் மாற்றுவதற்கும் '=' உதவாது, கம்பைலரே தடுத்துவிடும்; தற்காலிக அரே ஒன்று, ஸ்ட்ரிங் காப்பி மூன்று தேவை.

அடுத்த வில்லங்கம் நீளம். ஆங்கிலத்தில் திருவான்மியூருக்கு 13 எழுத்து, பெயரின் முடிவைக் குறிக்கும் 'நல்' (பூஜ்ய மதிப்பு) ஒன்று, ஆக 14 பைட். 10 மட்டும் ஒதுக்கினால் மிச்சம் வழிந்து பக்கத்துப் பெயரைக் கெடுக்கும். 20 ஒதுக்கி, உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப்பில் அகலம் 19 என்று கட்டுங்கள். (சென்னை பீச் என்றால் இடைவெளியிலேயே படிப்பது நின்றுவிடும், அங்கே முழு வரியையும் படிக்கும் எஃப்கெட்ஸ்தான் சரி, கடைசியில் ஒட்டிவரும் நியூலைனை மட்டும் நீக்கிவிடுங்கள்.)