தமிழில் கஸல்: எதுகை இருந்தும் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: ஈரடிகளாக எழுதி, எதுகை வைத்து, எல்லாவற்றையும் "இல்லை" என்று முடித்தேன். கஸல் (உருது, பாரசீக ஈரடிக் கவிதை வடிவம்) போல ஒலிக்கவே இல்லையே?

பதில் 1: "இல்லை" உங்கள் ரதீஃப், அதாவது ஈரடிகளின் முடிவில் மாறாமல் திரும்ப வரும் சொல். அதை ஒட்டி முன்னால் நிற்கும் சொல்லில் காஃபியா, அதாவது ஒத்து முடியும் ஓசை, வேண்டும். எதுகை அடியின் தொடக்கத்தில் விழுவது, அந்த வேலையைச் செய்யாது. முதல் ஈரடியான மத்லாவில் இரண்டு அடியிலும் காஃபியாவும் ரதீஃபும் வரும்:

மூட்டை இறங்கிய தோளில் பாரம் இல்லை
நீட்டி முழங்கிய பேச்சில் சாரம் இல்லை

அதன்பின் இரண்டாம் அடியில் மட்டும்: காரம் இல்லை, ஆதாரம் இல்லை. "நேரம்" சேராது, ரகரத்துக்கு முன் "ஆ" ஓசை வேண்டும்.

பதில் 2: "ஆதாரம்" ஓசைக்கு ஓகே, அளவுக்கு இடிக்கும். சீர்களை அசை பிரித்துப் பார்த்தால், மத்லா தேமா (நேர் நேர்), கருவிளம் (நிரை நிரை), தேமா, தேமா, தேமா என்று போகிறது. "ஆதாரம்" தேமாங்காய் (நேர் நேர் நேர்), ஓர் அசை கூடுதல். கடைசி ஈரடி வரை அளவு மாறக் கூடாது.

பதில் 3: ரதீஃப் இல்லாத கஸல் உண்டு, காஃபியா இல்லாமல் கிடையாது. இன்னொன்று, வாக்கியத்தை அடுத்த ஈரடிக்கு இழுக்காதீர்கள். ஒவ்வொரு ஷேரும் (ஈரடியும்) தனியாகப் பொருள் தர வேண்டும். வழக்கமாகக் குறைந்தது 5 ஷேர்.