கெர்னலில் அழகு அம்சங்களைச் சேர்க்கலாமா?

கேள்வி:
சிறிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றை எழுதி வருகிறேன். பூட் ஆகும்போது ஒரு லோகோ, செய்திகளுக்கு வண்ணம், கன்சோலுக்கு (எழுத்துகள் மட்டும் தோன்றும் திரைக்கு) பின்னணிப் படம், மேலே ஓடி மறைந்த வரிகளைத் திரும்பப் பார்க்கும் வசதி ஆகிய நான்கையும் சேர்க்க எண்ணுகிறேன். கம்பைல் செய்பவர் விரும்பினால் மட்டுமே இவை உள்ளே வரும். வேண்டாதவருக்கு ஒரு பைட்கூட அதிகமாகாது என்றால், இதில் என்ன தீங்கு இருக்க முடியும்?

மறுமொழி 1:
வேண்டாதவருக்கு அளவு அதிகமாகாதுதான், பராமரிப்பவருக்கு வேலை அதிகமாகும். நான்கு தேர்வுகள் என்றால் 16 விதமான கெர்னல்கள் உருவாகும், அத்தனையையும் சோதிப்பீர்களா? லினக்ஸ் கன்சோலில் ஷிஃப்டுடன் பேஜ்அப் அழுத்திப் பழைய வரிகளைப் பார்க்கும் வசதி நெடுநாள் இருந்தது. நினைவகத்தில் எல்லை மீறும் பிழைகள் அதில் தெரியவந்தபோது, பொறுப்பேற்றுப் பராமரிக்க ஆளில்லாததால், 2020இல் 5.9 பதிப்பு வெளிவருவதற்கு முன் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிரலையே நீக்கிவிட்டார்.

மறுமொழி 2:
அம்சம் அலங்காரமா என்பதைவிட, வெளியிலிருந்து வரும் தரவை அது கெர்னலுக்குள் அலசுகிறதா (பிரித்துப் படிக்கிறதா) என்பதே சரியான அளவுகோல் என்பேன். லினக்ஸின் பென்குயின் லோகோவைப் பாருங்கள்: 224 வண்ணங்களுக்கு மிகாத பிபிஎம் (எளிய பட வடிவம்) படத்தை, கம்பைல் செய்யும்போதே ஒரு சிறு நிரல் சி மொழி அணிவரிசையாக மாற்றிவிடுவதால், படத்தைப் பிரித்துப் படிக்கும் வேலையே கெர்னலுக்கு இல்லை. (பிராசஸர் கோர் ஒன்றுக்கு ஒரு பென்குயின் என வரிசையாக நிற்பது, வெறும் அழகு என்றாலும், எனக்குப் பிடித்தமானது.) இதற்கு நேர்மாறாக, விண்டோஸ் என்டி 4.0 1996இல் வரைகலைப் பகுதியைக் கெர்னலுக்குள் கொண்டுவந்தது. 2011இல் வெளிப்பட்ட டுகு தீநிரல், கெர்னலுக்குள் நடந்த ட்ரூடைப் எழுத்துரு அலசலில் இருந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. ஆகவே லோகோவைத் தாராளமாகச் சேருங்கள். பயனர் தரும் பின்னணிப் படத்தைக் கெர்னலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். லினக்ஸில் பூட் திரையை வரையும் பிளைமவுத்தும் வெளியில்தான் இயங்குகிறது. வண்ணத்துக்கும் கெர்னல் தேவையில்லை: ஒவ்வொரு செய்தியோடும் அதன் முக்கியத்துவ நிலையைத் தந்தால் போதும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) போன்ற கருவி வண்ணம் பூசிக்கொள்ளும்.

மறுமொழி 3:
ஒரு விதிவிலக்கு உண்டு. கெர்னலே நிலைகுலையும்போது வெளியே எந்த நிரலையும் நம்ப முடியாது என்பதால், பிழைத் திரையைக் கெர்னல்தான் வரைந்தாக வேண்டும். லினக்ஸ் 6.10இல் அதற்கென ஒரு திரையும், 6.12இல் பிழை விவரத்தைக் க்யூஆர் குறியீடாகக் காட்டும் தேர்வும் வந்தன. நீங்களும் எழுதுவதாக இருந்தால், தேவையான நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். அந்த நேரத்தில் புதிதாகக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.