ஒரு டயர் கிழிந்தால் எத்தனை மாற்றுவது?

கேள்வி:
பெங்களூரு சில்க் போர்டு பக்கம் குழியில் இறங்கி முன் இடது டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது, பஞ்சர் ஒட்ட முடியாதாம். நாலும் 38,000 கிலோமீட்டர் ஓடியவை. கடைக்காரர் நாலையும் மாற்றச் சொல்கிறார், மாசக் கடைசி வேறு. ஒன்று போதாதா? முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக்.

பதில் 1:
பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டக்கூடாது, அது சரி. ஆனால் நாலு எதற்கு? மீதி மூன்றின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடு தெரியும், 1.6 மில்லிமீட்டர் உயரம், ரப்பர் தேய்ந்து அதோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் ஜோடியாக இரண்டு வாங்குங்கள், அதுவும் பின்னால் போடச் சொல்லுங்கள். கடையில் முன்னால்தான் மாட்டுவார்கள், விடாதீர்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிப்பது ரொம்பக் கஷ்டம்.

பதில் 2:
முதலில் ஸ்டெப்னியைப் பாருங்கள் சார். அதே அளவு, ஓடாதது என்றால் ஒன்று மட்டும் வாங்கி அதோடு ஜோடி சேர்க்கலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. அவ்வளவு பழசு என்றால் வேண்டாம்.

பதில் 3:
நாலு சக்கர டிரைவ் வண்டிக்குத்தான் நாலும் ஒரே அளவு தேய்ந்திருக்கணும். அப்புறம் ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றவிட்டுப் பாருங்கள், அலைன்மென்டும்.