ஒரு டர்ன்டேபிளில் மட்டும் பாட்டு பின்னோக்கி ஓடுகிறது: புது ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டுமா?

தாளக்காரன்_பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகத் திருமண வரவேற்புகளில் கன்ட்ரோலர் வைத்து டிஜே செய்து வருகிறேன். கீழ்ப்பாக்கத்தில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்தாரிடம் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள்கள் இரண்டு நல்ல நிலையில் கிடைத்ததால், தட்டில் கை வைத்து வாசிக்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையை இப்போதாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியிருக்கிறேன். செராட்டோ டைம்கோடு தட்டுகள் (லேப்டாப்பில் உள்ள பாட்டைத் தட்டிலிருந்தே இயக்க உதவும் சிக்னல் பதிந்தவை) இரண்டு வாங்கினேன். லேப்டாப்பில் மிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது (மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்களே, அதுதான்). நண்பர் ஒருவர் கொடுத்த சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸில் (டர்ன்டேபிளின் சிக்னலை லேப்டாப்புக்குக் கொண்டுபோய், பாட்டை வெளியே தரும் பெட்டி) ஒரு ஜோடி ஃபோனோ உள்ளீடும் ஒரு ஜோடி வெளியீடும் உள்ளன.

முதல் டர்ன்டேபிளை இணைத்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதே கேபிள் துளைகளில் இரண்டாவதைச் செருகியபோது, தட்டு முன்னோக்கிச் சுழல, பாட்டு பின்னோக்கி ஓடுகிறது. கையால் தட்டைப் பின்னுக்கு இழுத்தால் பாட்டு முன்னால் போகிறது. இது போதாதென்று இரண்டிலுமே ஒரு ஹம் சத்தம் இருக்கிறது. டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) உலோகப் பகுதியை விரலால் தொட்டால் அது பெருமளவு குறைந்துவிடுகிறது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தேன். இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸ் ஒன்றைக் காட்டி, இதுவே போதும் என்றார்கள். என்னிடம் உள்ளதைப் போன்ற சிறிய இன்டர்ஃபேஸ் இன்னொன்றை வாங்கி, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்றும் யோசிக்கிறேன். எதை வாங்குவது? பின்னோக்கி ஓடுவது இன்டர்ஃபேஸின் கோளாறா, டர்ன்டேபிளின் கோளாறா?

ஊசிமுனை

கடைக்காரர் காட்டியதை வாங்க வேண்டாம். அது பாடகரின் மைக்குக்கும் கிட்டாருக்கும் ஏற்ற கருவி. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் உங்கள் வேலை வேறு.

ஊசியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது மிகச் சிறிய மின்னழுத்தம். மூவிங் மேக்னட் வகையில் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான் இருக்கும். டிஜேக்களுக்கென்று செய்யப்பட்ட கார்ட்ரிட்ஜ்களில் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதற்கு எதிரே 47 கிலோ ஓம் மின்தடை உள்ள உள்ளீடு இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். மைக் உள்ளீட்டின் மின்தடை சில கிலோ ஓம்தான் என்பதால், அதில் நேரடியாகச் செருகினால் சிக்னல் உருக்குலைந்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இரண்டு டர்ன்டேபிளுக்கு இடது வலது சேர்த்து நான்கு உள்ளீடுகள் வேண்டும். இரண்டு பாட்டுகளையும் வெளி மிக்சருக்குத் தனித்தனியே அனுப்ப நான்கு வெளியீடுகளும் வேண்டும். பெட்டியின் மேல் எத்தனை "இன்புட்" என்று எண்ணுவதைவிட, அவற்றில் எத்தனை ஃபோனோ (கார்ட்ரிட்ஜின் சிறிய சிக்னலுக்கு), எத்தனை லைன் (ஏற்கெனவே பெருக்கப்பட்ட சிக்னலுக்கு), எத்தனை மைக் என்று கேட்பதே முக்கியம்.

சிறிய இன்டர்ஃபேஸ்கள் இரண்டை இணைக்கும் யோசனை எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுதான். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரப் படிகம் இருக்கிறது. இரண்டும் 44,100 ஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டாலும், இம்மியளவு வேறுபாட்டில் ஓடும்; சிறிது நேரத்தில் ஒன்று மற்றொன்றைவிட முன்னே போய்விடும், இடையிடையே டிக் என்று வெட்டும். மிக்ஸ் மென்பொருள் பல கருவிகளைத் தேர்வு செய்ய அனுமதிக்கிறது என்பதற்காக, பணம் வாங்கிக்கொண்டு வாசிக்கும் மேடையில் அதை நம்பி நிற்க மாட்டேன்.

எனவே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நான்கு லைன் உள்ளீடுகளும் நான்கு வெளியீடுகளும் உள்ள சாதாரண இன்டர்ஃபேஸை வாங்கி, ஒவ்வொரு டர்ன்டேபிளுக்கும், சிக்னலை லைன் அளவுக்குப் பெருக்கும் ஒரு சிறிய ஃபோனோ ப்ரீஆம்ப்பை நடுவில் வைப்பது. மற்றொன்று, ஃபோனோ, லைன் என்று மாற்றிக்கொள்ளும் வசதியுடன் டிஜேக்களுக்கென்றே வந்த இன்டர்ஃபேஸைப் பழையதாகத் தேடிப் பிடிப்பது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிராக்டர் ஆடியோ 6, டெனானின் டிஎஸ்1 போன்றவை அந்த வகை. ஆனால் பழையதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரேன் எஸ்எல்1 உறுதியான பெட்டி, மலிவாகவும் கிடைக்கக்கூடும். 2004இல் செராட்டோவின் ஸ்க்ராட்ச் லைவ் மென்பொருளுடன் சேர்ந்து வந்த அது, பின்னால் வந்த செராட்டோ டிஜேயில் வேலை செய்யாது. விற்பவர் "லைட் எரிகிறது பாருங்கள்" என்பார். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் இயங்குதளத்துக்கு டிரைவர் இன்றும் கிடைக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நாளை மிக்ஸை விட்டுச் செராட்டோவுக்குப் போவதாக இருந்தால், அந்நிறுவனம் ஏற்றுக்கொண்ட கருவிகளுடன் மட்டுமே அவர்களுடைய மென்பொருளில் டைம்கோடு வேலை செய்யும் என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

ஹம் பற்றி: விரலால் தொட்டால் குறைகிறது என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். டர்ன்டேபிளிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளோடு மெல்லிய எர்த் ஒயர் ஒன்று வரும். அது எங்கே?

மூர்மார்க்கெட்_பழையவன்

தம்பி, இன்டர்ஃபேஸை விட்டுவிடுங்கள். ஒரே இன்டர்ஃபேஸில், ஒரே துளையில், ஒரு டர்ன்டேபிள் சரியாகவும் மற்றொன்று தலைகீழாகவும் ஓடுகிறது என்றால், கோளாறு ஊசிக்கும் ஆர்.சி.ஏ. முனைக்கும் இடையில்தான் இருக்க முடியும்.

டைம்கோடு தட்டில் இருப்பது பாட்டு அல்ல, ஒரு விசில் சத்தம். செராட்டோ தட்டில் அது 1,000 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தம் இடது வலது இரண்டு தடங்களிலும் பதிந்திருக்கிறது, ஆனால் ஒன்று மற்றொன்றைவிடக் கால் சுற்று, அதாவது 90 பாகை, தள்ளி வருகிறது. சத்தத்தின் அதிர்வெண் கூடுவதையும் குறைவதையும் வைத்துத் தட்டின் வேகத்தை மென்பொருள் அறிகிறது. எந்தத் தடம் முந்தி வருகிறது என்பதை வைத்துத் திசையை அறிகிறது. அலையின் உயரத்தில் செய்திருக்கும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைப் படித்து, ஊசி தட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்கிறது. ஆகவே இடதும் வலதும் இடம் மாறினால், முந்தி வரவேண்டியது பிந்தி வரும். மென்பொருளின் கண்ணுக்குத் தட்டு பின்னோக்கிச் சுழலும்.

முதலில் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. முனைகள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால், இரண்டு டர்ன்டேபிள்களின் ஹெட்ஷெல்லையும் (டோன்ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் தலைப்பகுதி) ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டுங்கள். கோளாறு ஹெட்ஷெல்லோடு சேர்ந்து அடுத்த டர்ன்டேபிளுக்குப் போனால், அதன் பின்புறத்தில் நூல் பருமனில் இருக்கும் நான்கு ஒயர்களை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை இடதின் பிளஸ், நீலம் இடதின் மைனஸ், சிவப்பு வலதின் பிளஸ், பச்சை வலதின் மைனஸ். சிவப்பும் பச்சையும் தங்களுக்குள் இடம் மாறியிருந்தாலும் இதே தலைகீழ் ஓட்டம் வரும். ஏனெனில் ஒரு தடத்தின் அலை மட்டும் கவிழ்ந்துவிட்டால், முந்துவது பிந்துவதாகிவிடும்.

இதை உறுதிசெய்ய மென்பொருளே வேண்டாம். வீட்டில் பழைய மோனோ இசைத்தட்டு ஒன்று இருக்கும், அதைப் போட்டுக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டிய குரல், நடுவில் நிற்காமல் காதைச் சுற்றி அலைந்தால், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் சவலையாக ஒலித்தால், ஒரு தடம் கவிழ்ந்திருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் ஆர்.சி.ஏ. முனைகளை மாற்றிச் செருகினால் திசை சரியாகிவிடும்தான். ஆனால் மிக்சரில் ஆர்.சி.ஏ.யை மாற்றிவிட்டு "ரிப்பேர் ஆகிவிட்டது" என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு: டைம்கோடு நேராகும், நிஜப் பாட்டு கவிழ்ந்தே கிடக்கும்.

ஒயரைக் கழற்றும்போது மூக்குக்கண்ணாடியும் நுனி மெல்லிய குறடும் வேண்டும். கார்ட்ரிட்ஜின் முள்ளில் இழுவை விழக்கூடாது. கிளிப்பின் உலோகப் பகுதியைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல. கடற்கரைப் பக்க வீடுகளில் இருந்த டர்ன்டேபிள் என்றால் அந்தக் கிளிப்புகளில் பச்சை பூத்திருக்கும். கழற்றியதுதான் கழற்றினோம் என்று துடைத்தும் விடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: ஜப்பானிலிருந்து வந்த டர்ன்டேபிளில் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால், நம் 230 வோல்ட் சுவரில் நேராகச் செருகாதீர்கள்.

திருவான்மியூர்_லினக்ஸ்

மேலே இருவரும் சொல்லாதது ஒன்று. மிக்ஸின் வைனல் கன்ட்ரோல் அமைப்புகளில் சிக்னலின் வடிவம் ஒரு வட்டமாகத் தெரியும். வட்டம் உருண்டையாக இருக்க வேண்டும். அது நீள்வட்டமாக நசுங்கினால் இரண்டு தடங்களின் அளவு சமமாக இல்லை. மயிர்மயிராகச் சிலிர்த்தால் ஹம் அல்லது அழுக்கு ஊசி. புதுக் கருவி வாங்குவதற்கு முன் அந்த வட்டத்தைச் சீராக்குங்கள், அதுதான் என் மருத்துவர்.

லேட்டன்சியையும், அதாவது கை அசைவுக்கும் சத்தத்துக்கும் இடையிலான தாமதத்தையும் பாருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் 1,024 சாம்பிள் என்றால் ஒரு பஃபருக்கே சுமார் 23 மில்லி செகண்ட் ஆகிறது. 256 என்றால் சுமார் 5.8. பாட்டை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முதலாவது சகித்துக்கொள்ளக்கூடியது, ஸ்க்ராட்ச் செய்யக் கைக்கும் காதுக்கும் நடுவே ரப்பர் கட்டியதுபோல் இருக்கும். விண்டோஸ் என்றால், தாமதத்தைக் குறைக்கக் கருவியின் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரைப் பயன்படுத்துங்கள். வெட்டு விழுந்தால் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

தாளக்காரன்_பெரம்பூர்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆர்.சி.ஏ. முனைகள் சரியாகவே இருந்தன. ஹெட்ஷெல்லை மாற்றிப் பூட்டியதும் கோளாறு முதல் டர்ன்டேபிளுக்குத் தாவிவிட்டது. அப்பாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், சிவப்பு ஒயர் பச்சையின் முள்ளிலும் பச்சை ஒயர் சிவப்பின் முள்ளிலும் இருந்தன. மாற்றுவதற்கு முன் பாட்டியின் பழைய பக்திப் பாடல் தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டேன். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அறை முழுவதும் மிதந்தது. மாற்றிய பிறகு கேட்டால் பாடகி நேர் எதிரே வந்து நின்றார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு" என்றார்.

எர்த் ஒயர்கள் இரண்டையும் முந்தைய உரிமையாளர் கேபிளோடு ஒட்டி வெட்டிவிட்டிருந்தார். புது ஒயர் பற்றவைத்து இன்டர்ஃபேஸின் எர்த் திருகில் கட்டியதும் ஹம் அடங்கியது. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் மட்டும் மெலிதாக ஏதோ கேட்கிறது. வட்டம் உருண்டையாக இருக்கிறது. நான்கு லைன் உள்ளீட்டு இன்டர்ஃபேஸையும் இரண்டு ப்ரீஆம்ப்பையும் வாங்க முடிவு செய்துவிட்டேன். மண்டபத்துக்கு எடுத்துப் போகலாமா?

ஊசிமுனை

போகலாம். சார்ஜர் சத்தம் கிரவுண்ட் லூப்பாக (எர்த் இணைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சுற்றி வருவதால் எழும் சத்தம்) இருக்கலாம். லேப்டாப், மிக்சர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். சத்தத்தை நிறுத்துகிறேன் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள்.

மண்டப மேடை பெரும்பாலும் பலகை. நாலு பேர் ஆடினால் ஊசி குதிக்கும். டர்ன்டேபிளுக்கு அடியில் கனமான கடப்பைக் கல்லும் அதன் கீழே ஃபோமும் வையுங்கள், பேஸ் ஸ்பீக்கரை அதே மேடையில் ஏற்றாதீர்கள். மென்பொருளை அப்சல்யூட் முறையிலிருந்து (ஊசி இருக்கும் இடமே பாட்டின் இடம்) ரிலேட்டிவ் முறைக்கு (தட்டின் வேகமும் திசையும் மட்டுமே கணக்கு) மாற்றிவிட்டால், ஊசி எங்கே குதித்தாலும் பாட்டு தன் இடத்தை விட்டு நகராது. தட்டின் கடைசிக்கு ஊசி வந்துவிட்டதா என்று மட்டும் நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். முதல் சில நிகழ்ச்சிகளுக்குப் பழைய கன்ட்ரோலரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.