வீடு இலவசம் என்றால் சம்பளம் கிடையாதா? ஆன்சைட் மேனேஜர் வேலையில் நான் பார்த்தது

சன்னிவேலில் 22 வீடுகள் உள்ள பழைய வாடகைக் குடியிருப்பு. கிரீன் கார்டு வந்த கையோடு அங்கே மேனேஜர் வேலைக்குச் சேர்ந்தேன். கலிஃபோர்னியாவில் 16 வீடுகளோ அதற்கு மேலோ இருந்து, உரிமையாளர் அங்கே குடியில்லை என்றால், பொறுப்பான ஒருவர் அங்கேயே தங்கியாக வேண்டும்.

எனக்கு முன்னால் இருந்தவர் மெக்சிகோக்காரப் பெரியவர். "வீடுதான் உனக்குச் சம்பளம்" என்று வாய்ப்பேச்சிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். நடுராத்திரி கழிவுநீர்க் குழாய் அடைத்தாலும் அவர்தான், காலியான வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதும் அவர்தான். ஆனால் பாக்கெட் காலண்டரில் எந்த வீடு, என்ன வேலை, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று பென்சிலால் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் அவர் புகார் கொடுத்தபோது உரிமையாளரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இத்தனைக்கும் மணிக்கணக்கு வைப்பது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. கடைசியில் பேசித் தீர்த்துப் பணம் கொடுத்தார்கள். புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவைப்படவில்லை. அவர் கைக்குக் காசு வந்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம்.

அதனால் என்னிடம் எல்லாம் எழுத்தில் வந்தது. வீட்டின் சந்தை வாடகை 2,700 டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,800, நான் கட்டுகிறேன். அதற்குமேல் மேனேஜரிடம் வாங்கக் கூடாது. செய்த வேலைக்கு மணிக்கணக்கில் தனியாகச் சம்பளம். 2025இல் மாநிலக் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 16.50 டாலர், எங்கள் ஊரில் இன்னும் கூடுதல். வாடகையைக் கூலியில் கழிக்கும் வழியும் உண்டு. அதற்கும் முன்கூட்டியே எழுதிய ஒப்பந்தம் வேண்டும், டாலர் உச்சவரம்பும் உண்டு.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. ராத்திரி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. எழுந்துபோய் வேலை பார்த்த நேரத்துக்கு மட்டும்தான். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லிவிட்டது. ஆகவே இரண்டு மணிக்கு வரும் போனையும் குறித்து வையுங்கள், பத்து நிமிஷப் பேச்சானாலும் சரி.